லோர்னா வாங்லரின் வாசகர்கள் காத்திருக்கிறார்கள்

டாக்டர் லோர்னா வாங்லரின் வலைப்பூவைப் படிக்கத் தொடங்குகிறவர்கள், கடைசி வரியை முடிக்கும்வரை, வடக்கு டகோட்டாவில் டெல்விக் என்ற எங்கள் ஊரில், அவருடைய கிளினிக்கின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் வந்தவர் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்துப் பெண்மணி ஒருவர். பிப்ரவரி ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்கு, குளித்த ஈரத்தோடு துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் கைப்பேசியுடன் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி. வரவேற்பு மேசையில் இருந்த பெவ் ஸ்கோகன் தன் கோட்டை அவர் தோளில் போர்த்திவிட்டு, காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டார். பதில் வருவதற்குள் அந்த அம்மாள் பதிவைப் படித்து முடித்துவிட்டார், ஆளைக் காணோம். நாற்காலி நனைந்திருந்தது. கோட்டும் அவரோடு போய்விட்டது. மூன்று வாரம் கழித்துத் தபாலில் திரும்பி வந்தது, துவைத்து இஸ்திரி போட்டு.

இது ஏன் நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. யாரால் நடந்தது என்று தெரியும். கிளினிக் ஒரு பெரிய மருத்துவக் குழுமத்துக்குச் சொந்தம். லோர்னா வருவதற்கு முன்பு அவர்கள் அதை நான்கு வருஷம் மூடி வைத்திருந்தார்கள். மூடிய அன்று காத்திருந்த ஏழு பேரைப் பனியில் வெளியே அனுப்பிவிட்டுத்தான் பூட்டினார்கள். அடுத்த மருத்துவமனை நாற்பத்தொரு மைல். பெவ்வின் கணவர் ஹார்லன் அந்தச் சாலையில் இருபத்துமூன்றாவது மைலில், பெவ் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியிலேயே செத்துப்போனார். இதையெல்லாம் கேள்விப்பட்ட லோர்னா, வேலையில் சேரும்போது ஒப்பந்தத்தில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: காத்திருப்பு அறையில் ஒருவர் இருந்தாலும் கதவைப் பூட்டக் கூடாது. குழுமத்தார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். பெரிய இடத்தில் அப்படித்தான்.

ஆறு வருஷம் ஓடியது. நோயாளிகள் போதவில்லை, ஒரு வருஷத்துக்குள் கூட்டம் சேராவிட்டால் மூடிவிடுவோம் என்று கடிதம் வந்தது. கூடவே விளம்பரப் பிரிவிலிருந்து கோல்பி என்கிற பையனும் வந்தான். வலைப்பூ எழுதினால் ஆட்கள் வருவார்கள் என்று ஆயத்தக் கட்டுரைகள் நாற்பதைக் கொடுத்தான். ஒவ்வொன்றிலும் பல் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பம், கீழே "இன்றே அழையுங்கள்". லோர்னா ஒன்றைப் போட்டுப் பார்த்தார். ஈ காக்கை வரவில்லை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, வந்த கோபத்தில் தானே எழுதினார். காதைக் குடையாதீர்கள், அழுக்கு தானாக வெளியே வரும், அதற்காக என்னிடம் வராதீர்கள்.

கோல்பி தலையில் கை வைத்தான். "டாக்டர், வராதீங்கன்னு எழுதினா எவன் வருவான்?"

"பொய் சொல்லிக் கூப்பிட்டா ஒரு தடவை வருவான் தம்பி. அப்புறம் நெஜமாவே ஒண்ணுன்னாக்கூட வரமாட்டான்."

அந்தக் காதுப் பதிவைப் படித்துத்தான் ஹாலிஃபாக்ஸ் பெண்மணி வந்தார். பிறகு ஆட்கள் வருவது நிற்கவில்லை. மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்காமல் முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிஷம் பிடியுங்கள் என்று எழுதிய வாரம், முப்பது பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் குனிந்திருந்தார்கள். லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையிலிருந்து மடக்கு நாற்காலிகள் வந்தன. வெயில் ஊரான அலபாமாவிலிருந்து அரைக்கால் சட்டையோடு வந்து நடுங்குகிறவர்களுக்காகப் பெண்கள் ஒரு கூடை நிறையக் கம்பளி வைத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். எமில் ஷாட்ஸ் என்ற கோதுமை விவசாயி, தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்த மெக்சிகோ பேராசிரியரைப் பார்த்து, "ஐயா, சீக்கிரம் படிங்க, எனக்கு முதுகு வலிக்குது" என்றார். மறுவாரம் அவரே பேராசிரியருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

குழுமம் இதைக் கூட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டணம் கட்டாதவர்கள் நோயாளிகள் அல்ல, நாற்காலியை அடைத்துக்கொண்டிருக்கும் அந்நியர்கள் என்று துணைத் தலைவர் டுவைட் பெல்கி எழுதினார். மார்ச் முப்பத்தொன்று, மாலை ஐந்து மணியோடு கிளினிக் மூடப்படும். கடிதத்தைப் படித்த பெவ் அழவில்லை. இன்னொருத்தியின் வீட்டுக்காரன் அந்தச் சாலையில் சாவதைப் பார்க்க நான் உயிரோடு இருக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னார். லோர்னா அன்றே எழுத உட்கார்ந்தார்.

எழுதி முடிக்க மூன்று வாரமானது. அந்த நாற்பத்தொரு மைல் சாலைதான் பதிவு. நெஞ்சுவலி வந்த ஒருவருக்கு மைலுக்கு மைல் உடம்பில் என்ன நடக்கும், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம், எதைச் செய்தாலும் எந்த மைலுக்கு மேல் பயனில்லை என்று எல்லாமே இருந்தது. இருபத்துமூன்றாவது மைலை பெவ் சொல்லச் சொல்ல எழுதினார். மார்ச் முப்பத்தொன்று மாலை நாலரைக்கு அதை வெளியிட்டார்.

ஐந்து மணிக்கு பெல்கி பூட்டுக்காரரோடு வந்தபோது நாற்காலி, தரை, மாடிப்படி எங்கும் ஆட்கள். மாவுக் கையோடு ஒரு ரொட்டிக்காரர், தலையில் சாயம் பூசியபடி இரண்டு பெண்கள், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒருத்தி. ஒருவரும் தலை நிமிரவில்லை.

"இவங்க யாருமே இங்க இல்ல!" என்று பெல்கி கத்தினார். "கதவப் பூட்டுங்க!"

"இல்லாதவங்க காலை மிதிக்காம உள்ள வாங்க சார், பார்க்கலாம்" என்றார் பெவ்.

பெல்கி காவல் அதிகாரியான ஷெரிஃப் ஆர்வினைக் கூப்பிட்டார். ஆர்வின் லோர்னாவிடம் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தார், அறையை எட்டிப் பார்த்தார். "பூட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு. காத்திருக்கிறவங்க இருக்காங்களான்னா, இருக்காங்க. நிறையவே இருக்காங்க. நான் கிளம்பறேன்."

அந்தப் பதிவை அழிக்கச் சொல்வதற்காக பெல்கி தன் கைப்பேசியில் அதைத் திறந்தார். "முதல் மைலில் இதை நெஞ்செரிச்சல் என்றே நினைப்பீர்கள்" என்று தொடங்கியது. வாசலில் நின்றிருந்த ஆள், அடுத்த நொடி உள்ளே, கணப்பின் பக்கத்தில், ரொட்டிக்காரருக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். இருபத்துமூன்றாவது மைலில் வாயைப் பொத்திக்கொண்டார். பெவ் அவருக்கும் ஒரு கம்பளி கொடுத்தார். அவர் செய்ததற்கு அது அதிகம் என்பது என் கருத்து. நாற்பத்தொன்றாவது மைலை முடித்து மறுபடி வாசலில் நின்றபோது பூட்டுக்காரர் எப்போதோ போயிருந்தார். பெல்கியும் வண்டியேறினார்.

தலைமையகம் பதிவை அழித்தது. அதற்குள் ஜனங்கள் அச்செடுத்துக்கொண்டுவிட்டார்கள், அச்சில் படித்தாலும் இங்கேதான் வருகிறார்கள். ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் தொடங்க வேண்டும் என்று அவர்களே முறை போட்டுக்கொண்டார்கள். யூக்கானிலிருந்து வந்த ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு வரிதான் படிக்கிறார், அவரைச் சுற்றியே பெவ் தரையைத் துடைக்கிறார். குழுமம் இன்னும் மூன்று தடவை ஆள் அனுப்பியது. பிறகு களைத்துப்போய் மின்சாரத்துக்கு மட்டும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறது. பதினோரு வருஷமாகக் கதவைப் பூட்டவில்லை. சாவி எங்கே என்று யாருக்கும் நினைவில்லை.

போன ஜனவரியில் எமில் ஷாட்ஸ் வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது, இடது கை கனத்து, நெஞ்சு அடைத்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, மனைவி கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கத்துக் கிளினிக்குக்கு வந்தார். நாலு நிமிஷம். "லோர்னா!" என்று பெவ் போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. அறையில் அன்று அறுபது பேர். கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமலே, எல்லோரும் ஒரே நேரத்தில் முழங்கால்களை ஒதுக்கி எமிலுக்கு வழிவிட்டார்கள்.