ஆடிக்குப் பொறந்தூடு போன கார்

செம்மநத்தத்து ஆசிர் நல்லவன்தான். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை, குடிக்க மாட்டான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பான். ஆனால் காரென்று வந்துவிட்டால் அவனுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. தோட்டத்தில் நின்ற சில்வர் ஓக் மரங்களை விற்ற காசு கைக்கு வந்தபோது, அவன் மனைவி ரூபி ஒழுகுகிற சமையற்கட்டைக் காட்டினாள். அவன் போனில் ஒரு சிவப்புக் காரைக் காட்டினான். யார் ஜெயித்தது என்று சொல்லவா வேண்டும்? சமையற்கட்டு இன்னும் ஒழுகுகிறது.

சாதாரணக் காரா அது! வெளிநாட்டுக் கம்பெனி, டர்போ எஞ்சின், தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடம்பு. மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். சேர்வராயன் மலையில் அப்படி மிதிக்க எங்கே இடமிருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது, அவனுக்குக் கோபம் வந்துவிடும்.

விற்றவர் சங்ககிரியில் லாரித் தொழில் செய்த பொன்னுரங்கம். பிள்ளை குட்டி இல்லாத மனிதர். வண்டி எடுக்கப் போன அன்றே ஆசிர் உஷாராகியிருக்க வேண்டும். அவர் மனைவி வேலம்மாள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய் வைத்து, நடுவில் சாவியை வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். நீட்டியவள் தாம்பாளத்தை உடனே விடவில்லை.

"பாப்பாவ நொம்பச் செல்லமா வளத்துட்டமுங்க. ஒரு சுடுசொல்லுச் சொல்லாம வெச்சுக் காப்பாத்தோணுஞ் சாமி" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சாவி கைக்கு வந்தால் போதுமென்று ஆசிர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ரூபிதான் கார் தெருமுனை திரும்பும்வரை பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அந்தம்மா இன்னும் வாசல்லயே நிக்கறாங்க" என்றாள்.

ரூபிக்கு அதெல்லாம் புதிது. அப்பா அம்மா முகம் தெரியாமல் மிஷன் ஹாஸ்டலில் வளர்ந்தவள் அவள். கல்யாணத்தன்று பெண்வீட்டார் என்று வந்து நின்றது ஹாஸ்டல் சமையற்காரி சின்னத்தாயி ஒருத்திதான். அந்தச் சின்னத்தாயியும் அடுத்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கார் மலையேறிய வாரமே கோளாறுகள் ஆரம்பித்தன. பெரிதாக ஒன்றுமில்லை, எல்லாம் சில்லறைக் கோளாறு. பிரேக் பிடித்தால் கீச்சென்றது. இடது பக்கக் கண்ணாடி இறங்கியது, ஏற மறுத்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. கொண்டை ஊசி வளைவு ஏற்றத்தில் மிதித்தால் உஸ்ஸென்று எங்கேயோ காற்றுப் போகும், வண்டி சோர்ந்துவிடும், பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே நிற்பான்.

ஆசிர் அசருகிற ஆளா? கோளாறு சொல்லும் சின்ன மெஷின் ஒன்றை வாங்கி வண்டியில் செருகினான். மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றது மெஷின். மூன்றாவதுக்குத் தீப்பொறி கொடுக்கிற காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினான். இப்போது இரண்டாவது எரியவில்லை என்றது. அப்படியானால் காயில்தான் கெட்டது என்று புதுக் காயில் போட்டான், விளக்கு அணைந்தது. அன்று அவன் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டுமே! அடுத்து உஸ் சத்தம். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுப் போகிற ரப்பர் குழாயில் வெடிப்பு. புதுக் குழாய் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். காப்பிப் பழம் உரிக்கிற பல்பர் மெஷின் பறிப்புக் காலம் வரை சும்மாதானே கிடக்கிறது? அதன் தண்ணீர்க் குழாயில் ஒரு சாண் வெட்டி, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு முறுக்கிவிட்டான். உஸ் நின்றது.

மறுநாள் ஞாயிறு. சர்ச் முடிந்து வந்தால் வாசலில் பொன்னுரங்கமும் வேலம்மாளும் நிற்கிறார்கள். ஏழு தாம்பாளத் தட்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு தட்டில் மாம்பழம், ஒன்றில் வாழைப்பழம், ஒன்றில் முறுக்கும் அதிரசமும். மீதித் தட்டுகளில் எஞ்சின் ஆயில் கேன், கூலண்ட், வைப்பரோடு பிரேக் பேட். கடைசித் தட்டில் சரிகைக் கரை வைத்துத் தைத்த சிவப்புக் கார் உறை. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது.

"என்னங்க இது?" என்றான் ஆசிர்.

"ஆடி பொறக்குதில்லீங்க மாப்ளை? சீர் கொண்டாந்தோம்" என்றார் பொன்னுரங்கம்.

மாப்பிள்ளையாம்! ஆசிர் தட்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தான். அதற்குள் வேலம்மாள் காரிடம் போய்விட்டாள். கூரையில் சொட்டியிருந்த பலாப் பாலை நகத்தால் சுரண்டினாள். பின்சீட்டில் சிந்திக் கிடந்த மிளகைப் பொறுக்கினாள். குனிந்து, வேகத்தடையில் உரசியிருந்த வயிற்றைத் தடவினாள்.

"அய்யோ, நொம்ப எளைச்சுப் போயிட்டாளே! மூஞ்சியே களையில்லாமப் போச்சே!"

பொன்னுரங்கம் பானெட்டைத் திறந்தார். பல்பர் குழாயைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"இது என்னுங்க?"

"பல்பர் குழாயிங்க. இப்போதைக்கு..."

"நாங்க தங்கமாப் போட்டுத்தானுங்களே அனுப்புனோம்? எம் புள்ளைக்குப் பித்தளையக் கட்டி உட்டிருக்கறீங்களே!" என்று வேலம்மாள் கத்தினாள்.

ஆசிருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கோளாற மறைச்சு வித்தது நீங்க. பிரேக் கீச்சுங்குது, கண்ணாடி ஏறமாட்டேங்குது."

"எங்கூட்டுல இருந்த வரைக்கும் ஒரு சத்தம் வந்ததில்லீங்க. வந்த எடத்துல என்ன கொறையோ, ஆரு கண்டா?" என்றார் பொன்னுரங்கம்.

சத்தம் கேட்டு அக்கம்பக்கம் கூடிவிட்டது. ஊர்க் கல்யாணங்களையெல்லாம் பேசி முடித்துவைக்கிற பக்கத்துத் தோட்டத்துச் சித்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஆசிரு, பொண்ணக் குடுத்தவங்க நாலு வார்த்த கேக்கத்தான் செய்வாங்க. நீதான் பொறுத்துப் போவோணும்."

"மாமா, அது கார்!"

"இருந்துட்டுப் போகட்டுமே. சீர் வந்திருக்குதில்ல?"

ஊரே ஆமென்றது. ஆளுக்கொரு மாம்பழம் ஏற்கெனவே கைக்குப் போயிருந்தது. ஆடிக்குப் பாப்பாவை அழைத்துப் போய், அவளைச் சின்னதிலிருந்து பார்த்த மெக்கானிக்கிடம் காட்டி, எல்லாவற்றையும் சரிபண்ணி அனுப்புவதாகப் பொன்னுரங்கம் சொன்னார். காசில்லாமல் கோளாறு தீர்ந்தால் சரி, மிஞ்சினால் ஒரு வாரம் ஆகும் என்று ஆசிர் ஒத்துக்கொண்டான். ரூபி ஆரத்தி கரைத்துக் கொண்டுவந்து காருக்குச் சுற்றினாள். "உனக்கெதுக்கு இந்த வேலை?" என்று பல்லைக் கடித்தான் ஆசிர்.

அன்று சாயங்காலம் காலித் தட்டுகளைத் துடைத்து அடுக்கும்போது ரூபி சொன்னாள், "காருக்குக்கூடப் பொறந்தூடு இருக்குதுங்க. நல்லாருக்கறயான்னு கேக்கறதுக்கு மலையேறி வர்றாங்க. எனக்குன்னு ஒருத்தரும் ஒரு சீப்புப் பழங்கூடக் கொண்டாந்ததில்ல."

"ம்" என்றான் ஆசிர். அவன் பிரேக் பேட் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரம் போயிற்று, கார் வரவில்லை. போன் பண்ணினால் வேலம்மாள் எடுத்தாள். "ஆடியில அனுப்பற வழக்கமில்லீங்களே மாப்ளை." ஆடியும் போயிற்று. "இப்பத்தான் கொஞ்சம் தேறியிருக்கறா. மலைக் குளிருக்கு மறுக்காவும் ஒடனே அனுப்பச் சொன்னா எப்படீங்க?" ஆசிர் போனைக் கட்டிலில் எறிந்தான். இது அநியாயமில்லையா? ஆர்.சி. அவன் பேரில், இன்சூரன்ஸ் அவன் பேரில், கார் மட்டும் சங்ககிரியில்! போலீஸுக்கே போய்விட்டான். ஏட்டு பொறுமையாகக் கேட்டார்.

"திருடிட்டுப் போனாங்களா?"

"இல்லீங்க. நாங்கதான் ஆரத்தி எடுத்து அனுப்புனோம்."

ஏட்டு பேனாவை மூடிவிட்டார். "சம்பந்தி சண்டைக்கெல்லாம் கேஸ் எழுத முடியாதுங்க. பெரியவங்கள வெச்சுப் பேசிக் கூட்டியாந்துக்கங்க."

வேறு வழி? சித்தன் மாமாவையும் சர்ச் உபதேசியார் கிறிஸ்துதாஸையும் கூட்டிக்கொண்டு, ரூபியோடு பஸ் பிடித்துச் சங்ககிரிக்குப் போனான். கார் முற்றத்துப் பந்தலின் கீழ் பளபளவென்று நின்றது. அதைக் கண்டதும் வீட்டுக்காரரைக் கும்பிட மறந்து அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். உள்ளே ஜமக்காளம் விரித்து, காப்பி கொடுத்து, பேச்சு தொடங்கியது. உபதேசியார் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்தார். பொன்னுரங்கமும் மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இனிமே பாப்பா மேல மொளகு மூட்டை ஏத்தப்படாது" என்றார் பொன்னுரங்கம்.

"ஏத்த மாட்டாங்க" என்றார் சித்தன்.

"பல்பர் சாமானெல்லாம் மாட்டப்படாது."

"மாட்ட மாட்டாங்க."

இப்படியே போய்க்கொண்டிருந்தால் ஆசிருக்குப் பொறுக்குமா? ஜமக்காளத்தில் முட்டி போட்டுவிட்டான். "அனுப்பி வெச்சிருங்க! அது இல்லாம ஊடே வெறிச்சுன்னு இருக்குதுங்க. பேசறதுக்கு ஒரு நாதியில்ல. தொண்டையில சோறு எறங்க மாட்டேங்குது!" என்று கையெடுத்துக் கும்பிட்டான். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. உபதேசியாரும் உருகிப்போனார். ரூபி தலையைக் குனிந்துகொண்டாள்.

வேலம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "ஏங் கண்ணு, நீ ஆடிக்குப் பொறந்தூடு போயிட்டு வந்தியா?" என்று கேட்டாள்.

"எனக்கு அப்படி ஒண்ணு இல்லீங்கம்மா" என்றாள் ரூபி.

வேலம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அடுக்களையில் தாளிக்கிற சத்தம் கேட்டது, பேச்சுச் சத்தம் கேட்டது, ரூபி சிரிக்கிற சத்தமும் கேட்டது. ஆசிர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. பொன்னுரங்கம் மனமிளகிச் சாவியை நீட்டிவிட்டாரே! ஓடிப்போய்க் காரில் உட்கார்ந்தான். புதுக் குழாய், புது பிரேக், கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஏறியது. ஸ்டார்ட் செய்தான். அடடா, என்ன சத்தம்! சித்தன் முன் சீட்டில் ஏறினார், உபதேசியார் பின்னால் மடங்கி உட்கார்ந்தார்.

"ரூபி, வா, நேரமாச்சு!" என்று கூப்பிட்டான்.

வாசலுக்கு வந்தது பொன்னுரங்கம். "வண்டிய எடுத்துட்டுப் போங்க மாப்ளை. புள்ளைய அனுப்பறதப் பத்தி நாங்க பேசிட்டுச் சொல்றோம்."

"எந்தப் புள்ளைய?"

"ரூபியத்தானுங்க. இருக்கட்டும் நாலு நாளு."

ஆசிர் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "என்னங்க வெளையாடறீங்களா? பெரியவங்களோட முறையா வந்திருக்கறேன். கூட்டிட்டுத்தான் போவேன்."

"இல்லீங்க மாப்ளை" என்றார் அவர், கோபமே இல்லாமல். "நீங்க காருக்கு வந்தீங்க."

ரூபி ஜன்னலில் நின்றாள். வா என்று கையசைத்தான். அவள் வரவில்லை, போகச் சொல்லவும் இல்லை, அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிற்கட்டும், தானாக வருவாள் என்று வீம்பாகக் கியரைப் போட்டுக் கிளம்பினான்.

கார் பறந்தது. ஒரு கீச் இல்லை, ஒரு உஸ் இல்லை. அவன் இத்தனை நாள் கேட்டது இதைத்தானே? ஆனால் பின்சீட்டில் உபதேசியாருக்குப் பக்கத்தில் ரூபியின் இடம் காலியாக இருந்தது. கார் இல்லாமல் சோறு இறங்கவில்லை என்று அழுதேனே, அந்தச் சோற்றைப் போட்டவள் பக்கத்தில் உட்கார்ந்துதானே கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பேச ஒரு நாதியில்லை என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தான். சீ, நானெல்லாம் ஒரு மனுசனா என்று வாய்விட்டே சொன்னான்.

"அத இப்பவாச்சும் சொன்னயே" என்றார் சித்தன்.

கடைத்தெரு முனையில் ஒரு பழக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினான். சாத்துக்குடி, மாதுளை, திராட்சை, வாழைப்பழத்தில் இரண்டு சீப்பு, கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தான். பூ வாங்கினான். தட்டு இல்லாததால் கடைக்காரர் அட்டைப் பெட்டி கொடுத்தார். சித்தன் காரின் கதவைத் திறந்து ஏறப் போனார்.

"ஏறாதீங்க மாமா. நடந்துதான் போறோம்" என்றான் ஆசிர். சாவியைப் பழக்கடைக்காரரிடம் கொடுத்து, "கொஞ்சம் பாத்துக்கங்க" என்றான்.

வெயில் கொளுத்தியது. மலைக்காரர்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். உபதேசியார் பெட்டியிலிருந்து திராட்சைச் சாறு அவர் வெள்ளைச் சட்டையில் வழிந்தது, அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது.

பொன்னுரங்கம் வாசலில்தான் இருந்தார். எழுந்து அவனுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார்.

"பாப்பா எங்கீங்க மாப்ளை?"

"அது எங்கியோ நிக்குதுங்க" என்றான் ஆசிர், மூச்சு வாங்க. "ரூபி நல்லாருக்கறாளான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."