கிரேன் சந்திரகலாவின் கண்

கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் மூத்தவள் சந்திரகலா. நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து, காலுக்குக் கீழே தொங்கும் கொள்கலனை லோரியின் மேல் அலுங்காமல் இறக்கி வைப்பாள். அங்கிருந்தே லோரியின் நம்பரையும் படித்துச் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஒன்பது வருடமாக இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. மாத்திரையை நினைவு வந்தால் போடுவாள், மறந்தால் விட்டுவிடுவாள். வழக்கமாக மருந்து வாங்கும் கிளினிக்கில் தாதி மலர்விழி அவளுடைய அட்டையைப் புரட்டிவிட்டு, "அக்கா, நீங்க உள்கண்ணை ஒரு தடவைகூடப் படம் எடுக்கலையே" என்றபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

"எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது லா. வேற யாருக்காச்சும் எடும்மா."

"நல்லாத் தெரியுறப்பவே எடுக்கணும்க்கா. தெரியாமப் போன பிறகு எடுத்து என்ன செய்ய?"

பேச்சை வளர்க்க விரும்பாமல் கருவியில் தாடையை வைத்தாள். பளிச்சென்று ஒரு வெளிச்சம். அவ்வளவுதான்.

மலர்விழி கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள். கருப்புக்கு நடுவே ஓர் ஆரஞ்சு வட்டம். ஒரு பக்கம் வெளிர்மஞ்சளாக ஒளிரும் பொட்டு. அதிலிருந்து சிவப்புக் கோடுகள் கிளம்பி, வளைந்து, கிளைத்து, நூலிலும் மெலிதாகி மறைந்தன.

"ஐயோ, என்ன அழகு! இது என்னம்மா?"

"உங்க கண்ணோட பின்பக்கம்தான்க்கா. விழித்திரை. நீங்க பாக்குறதெல்லாம் இங்கதான் வந்து விழுது."

சந்திரகலா திரையருகே குனிந்தாள். நாற்பத்தொன்பது வருடம் இதை முகத்தில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். ஒருநாளும் பார்த்ததில்லை.

மலர்விழியின் விரல் திரையில் நகர்ந்தது. "இந்தச் சிவப்புப் புள்ளியெல்லாம் ரத்தக் கசிவு. மஞ்சளா இருக்கிறது குழாயிலேருந்து ஒழுகின கொழுப்பு."

"எனக்கு வலிக்கவே இல்லையே?"

"வலிக்காதுக்கா. அதனாலதான் யாரும் வர்றதில்ல."

தலைநகரத்தின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் உள்ள கண் நிபுணர் டாக்டர் ஜீவனைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். கண்ணில் மருந்து விட்டால் கார் ஓட்டக்கூடாது என்பதால், கணவன் விஜயனோடு ரயிலில் போனாள். டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, மெல்லிய ஒளிக்கற்றையை அவள் கண்ணுக்குள் பாய்ச்சி அப்படியும் இப்படியும் அசைத்தார்.

"டாக்டர்! ஏதோ மரம் தெரியுது. இலையே இல்லாத மரம். கிளை கிளையாப் போகுது!"

"அசையாதீங்கம்மா. அது உங்க ரத்தக் குழாயோட நிழல்."

"இவ்வளவு நாளா எங்க இருந்துச்சு?"

"அங்கேயேதான். ஒரே இடத்துல நிக்கிறதால மூளை அதைக் கண்டுக்காது. வெளிச்சம் அசைஞ்சா மட்டும் தெரியும்."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். விளக்கு விலகியதும் மரம் கரைந்து போயிற்று.

டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. சர்க்கரை பழைய குழாய்களை அடைத்திருக்கிறது. ரத்தம் போதாமல் விழித்திரை புதுக் குழாய்களை வளர்த்துக்கொள்கிறது. அவை பலமில்லாதவை. என்றைக்காவது உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் நிறைந்துவிடும்.

"லேசர் வச்சு ஓரத்தைச் சுடணும். ஓரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நடுவைக் காப்பாத்துறோம். ராத்திரிப் பார்வை கொஞ்சம் குறையலாம். சுகரையும் பிரஷரையும் நீங்க பாத்துக்கணும். அதை என் மெஷின் செய்யாது."

வெளியே வந்தபோது மருந்தால் கண்மணி விரிந்தே இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் வெயில் அலையலையாகப் பாய்ந்தது. சேலைக்கடைப் பொம்மைகளின் ஜரிகையிலிருந்து பொறி பறந்தது. பூக்கடைச் சாமந்தி எரிந்தது. கண் கூசி நீர் வழிந்தும் அவள் மூடவில்லை. விஜயனின் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையிலேயே நின்றாள்.

"என்ன கலா, மயக்கமா?"

"இல்லைங்க. எவ்வளவு உள்ள வருது பாருங்க."

அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் கையை விடவில்லை.

லேசர் பல தடவை நடந்தது. பச்சை ஒளி விட்டுவிட்டு வெட்டியது. சில நேரம் கண்ணுக்குப் பின்னால் சுருக்கென்று குத்தியது. அவள் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, டாக்டர் காட்டிய திசையை விட்டுப் பார்வையை நகர்த்தாமல் இருந்தாள்.

வேலையிடத்தில் யாரும் கேட்கும்முன் மேற்பார்வையாளர் ரோஸ்லியிடம் தானே போய்ச் சொன்னாள். கீழே மனிதர்கள் நடமாடுகிறார்கள். ஒளிக்க அவளுக்கு மனம் வரவில்லை. நான்கு மாதம் தரையில் கொள்கலன்களைச் சரிபார்க்கும் வேலை கொடுத்தார்கள். பிறகு கம்பெனி டாக்டர் பக்கப் பார்வையைச் சோதித்துவிட்டு, பகல் வேலைக்கு மட்டும் ஏறலாம் என்று எழுதிக் கொடுத்தார். இரவு ஷிப்டு போனதில் அவளுக்கு வருத்தம்தான். மாத்திரையை மட்டும் ஒருநாளும் தவறவிடவில்லை.

மறுபரிசோதனை அன்று ஜீவன் பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் அருகருகே வைத்தார். புதுக் குழாய்கள் வாடிச் சுருங்கியிருந்தன. ஓரமெங்கும் வெளிறிய தழும்புகள் வரிசை வரிசையாக. நடுவில், அவள் முகங்களைப் பார்க்கிற, எழுத்துகளைப் படிக்கிற அந்தச் சின்ன இடம், ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது.

"தப்பிச்சிடுச்சும்மா. ஆனா சொன்ன தேதிக்கெல்லாம் தவறாம வரணும்."

சந்திரகலா திரையில் அந்த இடத்தை விரலால் தொட்டாள். அரிசியைவிடச் சின்ன இடம், அதற்குள்தான் அவளுடைய உலகம் முழுக்க இருந்திருக்கிறது.

அன்றும் விஜயன் கூட வந்திருந்தான். திரும்பிப் பார்த்தாள். அவன் திரையையே வெறித்துக்கொண்டிருந்தான். ரத்தம் சோதிக்கச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவுகிறவன், கதவருகே நின்ற தாதியை மெதுவாகக் கூப்பிட்டான்.

"மிஸ்ஸி, சுகர் டெஸ்ட் இங்கேயே எடுப்பீங்களா? எனக்கும் எடுத்துடுங்க."