பின் இருக்கையில் ஓர் அரிசி மூட்டை

1.

இந்தக் கதை ஓர் அரிசி மூட்டையிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதைகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால் எங்கள் ஆட்கள் ஆழ்மனம், அகத்தேடல் என்று அளப்பார்கள். என்னிடம் அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது. மாண்ட்ரியாலை ஒட்டிய புரோசார்டில் ஒரு கார் விற்பனை நிலையத்தின் வாசலில், நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், டினோஜன் ஒரு பாஸ்மதி மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி, சின்னக் கார் ஒன்றின் பின் இருக்கையில் நட்ட நடுவில் உட்கார வைத்தான். அதற்கு பெல்ட்டும் போட்டுவிட்டான். விற்பனையாளர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

டினோஜனும் அவன் மனைவி தனுஷாவும் லாசாலில் எனக்குக் கீழ்வீட்டுக்காரர்கள், யாழ்ப்பாணத்துக்காரர்கள். நான் சென்னை. கார் பார்க்கப் போகும்போது பிரெஞ்சில் பேச ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனார்கள்.

[இது முழு உண்மை இல்லை. அவர்கள் இருவருமே என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு பேசுவார்கள். போன இடத்தில் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டால் நடுவில் ஓர் ஆள் இருக்கட்டும் என்றுதான் தனுஷா கூப்பிட்டாள்.]

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பனி பெய்துகொண்டிருந்தது. அவள் வயிற்றில் கை வைத்தபடி—"

அடித்துவிட்டேன். மாண்ட்ரியால் என்று எழுதினாலே பனி பெய்தாக வேண்டுமா என்ன? அன்று நல்ல வெயில்.

அடுத்தது: "மூன்று கார் சீட்கள் பொருந்தக்கூடிய சிறிய குடும்பக் கார்கள் மிகவும் அரிது. ஆகவே பெற்றோர்—"

இது கட்டுரை. ஆனால் இதைச் சொல்லாமல் கதையும் நகராது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே சின்னக் குழந்தைகளை, அவர்களுக்கென்று தனியாக விற்கும் கார் சீட்டில் கட்டாமல் காரில் ஏற்றக் கூடாது. இவர்களின் ஐந்து வயது மகள் ஆரணிக்கு ஒரு சீட், மூன்று வயதுச் சின்னவனுக்கு ஒரு சீட். மூன்றாவது குழந்தை ஜனவரி கடைசியில். சின்னக் காரின் பின்னால் மூன்று பேர் உட்காரலாம் என்பார்கள். மனிதர்கள் உட்காரலாம்தான், ஒடுங்கிக்கொள்வார்கள். கார் சீட் ஒடுங்காது. அதன் அடிப்பாகம் கெட்டிப் பிளாஸ்டிக். பக்கத்துச் சீட்டின்மேல் ஏறிக்கொண்டு, பெல்ட்டை மாட்டுகிற இடத்தையே மூடிவிடும்.

பெரிய வேன் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"வான் எண்டா நான் ஓடமாட்டன் அக்கா," என்றாள் தனுஷா. "கார்டெரி இருக்கிற ரோட்டைப் பாத்தனீங்கள்தானே? ரெண்டு பக்கமும் கார் நிக்கும். அதுக்குள்ள வானை விட்டு எடுக்க ஏலாது. இவர் விடியவே சென்ட் லோரன்ட்டுக்கு வேலைக்குப் போயிடுவார். பிள்ளையளைக் கொண்டுபோய் விடுறது நான்தானே." கார்டெரி என்பது இங்கே குழந்தைகள் காப்பகம்.

3.

டினோஜன் பாத்திரம் எனக்கு உதைக்கிறது. அவனுக்கு விமான உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. என்ன வேலை? அளப்பது. ஒரு மயிரிழை கூடினாலும் அந்தப் பாகத்தை ஒதுக்கி வைத்துவிடுவான். அப்படிப்பட்டவன் காரின் நடு இடத்தை அரிசி மூட்டையை வைத்து அளந்தான் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்களா? ஒரு படியில் அவனை டாக்சி ஓட்டுநராக்கிப் பார்த்தேன். இன்னொன்றில் சமையல்காரன் ஆக்கினேன். இரண்டிலும் அவன் செத்த பிணம்போலக் கிடந்தான். அதனால் அளக்கிறவனாகவே விட்டுவிடுகிறேன், நீங்கள் நம்பாவிட்டால் போங்கள்.

விற்பனையாளர் நல்ல மனிதர். இரண்டு கார் சீட்களையும் இரண்டு ஓரத்திலும் அவரே மாட்டித் தந்தார். மூன்றாவது எங்கே என்று கேட்டார்.

"அப்றே," என்றான் டினோஜன். பிறகு.

அவர் உள்ளே போய், காட்சிக்கு வைத்திருந்த கைக்குழந்தை சீட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைக் கண்டதும் டினோஜன் பின்னால் நகர்ந்தான்.

"அதை வைக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ அக்கா."

"சும்மா அளவு பார்க்கத்தானேப்பா."

"வேண்டாம். பிள்ளை பிறக்க முதல் ஒண்டும் வாங்கிறேல்லை, ஒண்டும் வைக்கிறேல்லை."

"டினோ, இது வாங்கறது இல்லையே..."

"மூட்டை காணும் அக்கா."

போதும் என்கிறான். நான் விற்பனையாளரிடம் வேண்டாமென்று தலையாட்டினேன். தனுஷா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. "இது எனக்குப் பிடிச்சிருக்கு, இதையே எடுப்பம்," என்றாள்.

மூட்டை அந்த இடத்தில் அழகாகப் பொருந்தியிருந்தது. அரிசி எந்தச் சந்தில் திணித்தாலும் பொருந்தும், அதுதான் வினை.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பிறக்கப்போகும் பிள்ளைக்கு முன்கூட்டி எதுவும் வாங்காமலிருப்பது எங்கள் பக்கத்திலும் உண்டு. என் அக்கா மகனுக்குப் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் முதல் துணி. ஆனால் வேட்டியில் சுற்றிக் காரில் ஏற்ற முடியாத ஊர் இது.)

4.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்து விளையாட எனக்கு மனசில்லை.

போன வருஷத்துக்கு முந்திய இளவேனிலில் தனுஷா கர்ப்பமாக இருந்தாள். அப்போது அவர்கள் இந்த வழக்கத்தையெல்லாம் சிரித்துத் தள்ளினார்கள். எல்லாவற்றையும் முன்பே வாங்கினார்கள். கார் சீட்டை வாங்கி, இப்போது ஓடாமல் போய்விட்ட அந்த அகலமான பழைய காரில், ஆரணியின் சீட்டுக்கும் சின்னவனின் சீட்டுக்கும் நடுவில் மாட்டியும் வைத்தார்கள். ஆரணி கார்டெரிக்குப் போகும்போதெல்லாம் அந்தக் காலிச் சீட்டுக்கு 'போன்ஷூர் பெபே', வணக்கம் பாப்பா, என்று சொல்வாள். ஏழாம் மாதத்தில் வயிற்றில் அசைவு நின்றுபோனது.

சீட்டைக் கழற்றிக் கடையில் திருப்பிக் கொடுத்தது டினோஜன். வெகுநாள் கழித்து, வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னான்.

"கவுன்டரில நிண்ட பிள்ளை, இதில என்ன பிழை எண்டு கேட்டுது அக்கா. எல்லாரிட்டையும் கேக்கிறதுதானே. ஒரு பிழையும் இல்லை எண்டு சொன்னன்."

ஆரணி பல வாரம் பெபே எங்கே, பெபே எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால் இந்த முறை பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை இல்லை. பானை மாதிரி வயிற்றோடு தாய் நடமாடுகிறாள், அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று தகப்பன் சொல்கிறான். ஆரணியும் தலையை ஆட்டிக்கொண்டாள்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். பிறக்காத குழந்தைக்காக ஒரு பொருளைக் கதையில் கொண்டுவந்து வைத்தால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? ஐயோ, இந்தக் குழந்தைக்கு ஏதோ ஆகப்போகிறது என்றுதான். நீங்களும் இப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், மறுக்காதீர்கள். டினோஜன் பயப்படுவதும் இதற்குத்தான். அவன் தன் காரில் வைக்கப் பயந்த சீட்டை நான் என் கதையில் வைக்கப் பயந்துகொண்டு, மூட்டையை வைத்தே இத்தனை பக்கம் ஓட்டிவிட்டேன்.

5.

ஆனால் சீட் வந்துவிட்டது. தனுஷா இணையத்தில் வாங்கி என் வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாள். பெட்டி வந்த அன்று மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தாள்.

"இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. நேரம் வரேக்க எடுக்கிறன்."

"உனக்கு பயமா இல்லையா தனுஷா?"

"பயம்தான். இரவில எழும்பி எழும்பி வயித்தைத் தொட்டுப் பாக்கிறன். ஆனா ஒரு ஆளாவது இந்தப் பிள்ளை வரும் எண்டு நினைக்கவேணும் எல்லோ அக்கா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. டீ போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போனேன்.

பெட்டியைக் குளிர்கோட்டுகளுக்குப் பின்னால் அலமாரியில் நிறுத்தினேன். தனுஷாவுக்கு மாதம் ஏறியதிலிருந்து காரும் சாவியும் டினோஜனிடம்தான், அவனுக்குத் தெரியாமல் அதைக் காரில் வைத்துப் பார்க்க வழி இல்லை. அதனால் அது பொருந்துமா என்று எங்கள் மூன்று பேரில் யாருக்குமே தெரியாது.

6.

இனி வருவது இன்று காலை நடந்தது. ஆமாம், இன்று. இதையெல்லாம் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன் என்று நினைத்தீர்களா?

நாள் இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே தனுஷாவுக்குப் பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. நான் பிள்ளைகளை மேலே கொண்டுவந்து டி.வி. முன்னால் உட்கார வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். [பனி கொட்டுகிறது. நான் வரவழைக்கவில்லை.]

கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்த டினோஜன் பெட்டியைப் பார்த்தான். அதன்மேல் சிரிக்கும் குழந்தையின் படம்.

"இது ஆர் எடுத்தது?"

"நான்தான்," என்றாள் தனுஷா. படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குச் சொல்லாம ஏன் எடுத்தனீர்?"

"சொன்னா விட்டிருப்பியளோ?"

"போனமுறையும் இப்பிடித்தான். எல்லாம் எடுத்து வைச்சு..."

"போனமுறை இந்தப் பிள்ளை இல்லை!" அவள் கத்திவிட்டாள். எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியது.

டினோஜன் பெட்டியை ஆவேசமாக எட்டி—

இல்லை. அவன் உதைக்கவில்லை. உதைத்தால் கதைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். கார்ச் சாவியால் பெட்டியைக் கிழித்தான். சீட்டை எடுத்துப் பின்னால் நடுவில் வைத்தான். அது உட்காரவில்லை. ஒரு பக்கம் ஆரணியின் சீட்மேல் ஏறி நின்றது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, முழங்காலால் அழுத்தி, விரலை உள்ளே விட்டுத் துழாவினான். பெல்ட் மாட்டும் இடம் அடியில் புதைந்துவிட்டது. திரும்ப எடுத்து, சாய்த்து வைத்து, மறுபடி அழுத்தினான். அவன் தோளில் பனி சேர்ந்துகொண்டிருந்தது.

"கெதியா," என்று அவசரப்படுத்தினாள் தனுஷா. அவள் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

"ஒரு விரல்கூட போகேல்லை. ஒரு விரல்! நான் அளந்திருக்க வேணும். தினம் அளக்கிற நாய் நான்..."

"டினோ, இப்ப ஆரணி சீட்டை எடுத்துடுங்க. அவ என்கூடத்தானே இருக்கப்போறா? இதை அந்த இடத்துல வைங்க. மத்ததை அப்புறம் பார்க்கலாம்."

கழற்றி என் கையில் தந்தான். அந்த இடத்தில் கைக்குழந்தை சீட்டை வைத்து அழுத்தினான். மாட்டிக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. பிடித்து ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. உள்ளே சின்னதாக ஒரு தலையணை கோணலாகக் கிடந்தது. போகிற அவசரத்திலும் அதை நேராக்கினான். பிறகு கார் போய்விட்டது.

7.

இப்போது மத்தியானம் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து டினோஜன் ஒரே ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான்.

"சீற்றை மேல கொண்டுவரவோ எண்டு கேட்டன். பேந்து எண்டினம்."

அதற்குப் பின் நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை. பேந்து என்றால் பிறகு. அந்தப் பிறகுக்கு என்ன அர்த்தம்? குழந்தை பிறந்துவிட்டது, வீட்டுக்குப் போகும்போது கொண்டுவந்தால் போதும் என்றா? இல்லை, அதைக் கொண்டுவரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லையா? சும்மா இருக்க முடியாமல் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) "மாலையில் கார் வந்து நின்றது. டினோஜன் சிரித்துக்கொண்டே இறங்கி—" பெற்ற அன்றே யார் அனுப்புவார்கள்? அவசரக்குடுக்கை.

(ஆ) "டினோஜன் அந்தச் சீட்டை மறுபடியும் கடைக்கு—" இதை அடித்துவிட்டேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இந்த வாக்கியம்தான் யோசிக்காமல் வந்து விழுந்தது. கதை எழுதிப் பழகிய கை துக்கத்துக்குத்தான் முதலில் ஓடுகிறது. எனக்கு என் கையைப் பார்க்கவே ஆத்திரமாக இருக்கிறது.

(இ) பேந்து என்ற சொல்லோடு நிறுத்திவிடுவது. கெட்டிக்கார முடிவு. கூட்டத்தில் வாசித்தால் கைதட்டுவார்கள். இதைத்தான் வைத்துக்கொள்வதாக இருந்தேன்.

8.

சின்னவன் தூங்கிவிட்டான். ஆரணியின் கார் சீட் என் ஹாலில் தரையில் கிடக்கிறது. அவள் அதில் ஏறி உட்கார்ந்து, தானே பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்கிறாள்.

"ஆன்ட்டி, அப்பா ஏன் என்ர சீற்றைக் கழட்டினவர்?"

"கார்ல இடம் பத்தலம்மா."

"என்ர இடத்தில ஆர் இருக்கப்போயினம்?"

நான் கணினித் திரையைப் பார்த்தேன்.

"பெபேயோ?" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கதவை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். "நான் அதைக் கதைக்கிறேல்லை ஆன்ட்டி. கதைச்சா அப்பா அழுவார்."

இந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள் என்ற பொய்க்கு இத்தனை மாதமும் தகப்பனுக்காகத் தலையாட்டியிருக்கிறது.

உங்களுக்கு முடிவைச் சொல்லாமல் தப்பிக்க எனக்குத் தெரியும். அதற்கு அடைப்புக்குறி இருக்கிறது, பாதியில் விட்ட வாக்கியம் இருக்கிறது. பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையிடம் இதில் எதை நீட்டுவது? கைபேசியை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"ஆமாம்மா," என்றேன். "பெபேதான். வீட்டுக்கு வரும்."

"வ்ரே?" என்றாள். நிஜமாகவா?

"நிஜமா."

அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கினாள். சோபாவில் தூங்கும் தம்பியிடம் போய், அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் விழிக்கவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள்.

அவ்வளவுதான், இனி என்னால் எழுத முடியாது. முடிவு உங்களுடையது. மற்ற கதைகளில் இப்படிக் கொடுத்தால் உங்கள் இஷ்டம்போல் எழுதிக்கொள்ளலாம். இதில் முடியாது. பிறந்துவிட்டதா என்றே தெரியாத ஒரு குழந்தைக்காக நான் இவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன், தயவுசெய்து என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.