பிரிஜித் அம்மாளுக்காகப் போட்ட சால்வை

அந்தச் சால்வையை வெளியே போடுவதா வேண்டாமா என்று நவமணி சாயங்காலம் முழுக்கத் தன்னோடு மல்லுக்கட்டினாள்.

மகள் ஷர்மினி அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருந்தவள். நவம்பரில் வேலை முடிந்து திரும்பும்போது கார் விபத்தில் போய்விட்டாள். அவள் கட்டிலில் கிடந்த நீலச் சால்வையை அங்கிருந்த வீட்டுக்கார அம்மாள் துவைக்காமல் அப்படியே மடித்து அனுப்பியிருந்தார். அதில் இன்னும் ஷர்மினியின் தலைமுடி வாசம் இருந்தது. நவமணி அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் வைத்திருந்தாள். மனம் தாங்காத பொழுதுகளில் மட்டும் முடிச்சை அவிழ்த்து முகம் புதைப்பாள்.

ஆனால் இன்று ஜனவரி கடைசி நாள். விடிந்தால் அயர்லாந்துக்காரர்கள் கும்பிடும் புனிதை பிரிஜித் அம்மாளின் திருநாள்.

"அவங்க நம்ம மாரியம்மா மாதிரிதான்லா," என்று போன வருடம் இதே நாளில் ஷர்மினி தொலைபேசியில் சொல்லியிருந்தாள். "இன்னைக்கு ராத்திரி ஊரு பூரா நடப்பாங்களாம். இந்த வீட்டம்மா வெளிய துணி போட்டு வைக்கிறாங்க. அவங்க தொட்டுட்டுப் போன துணியைத் தலையில கட்டினா தலைவலி போயிடுமாம். உங்க ஒத்தத் தலைவலிக்கு என் சால்வையைப் போட்டிருக்கேம்மா. லீவுல வந்து நானே கட்டி விடுறேன். அடுத்த வருசம் நீங்களும் அங்க போடணும்."

"நம்ம பினாங்கு வரைக்கும் அந்த அம்மா நடப்பாங்களாக்கும்?"

"அக்கரையில பட்டர்வொர்த்துல ஃபெரி ஏறி வருவாங்க, போங்க."

வெளியே போட்டால் வாசம் குறையும். போடாவிட்டால் பிள்ளை ஆசையாகச் சொன்னது அப்படியே நின்றுவிடும். கடைசியில் அடுக்குமாடி நடைபாதைக் கொடியில் சால்வையைப் போட்டுக் கிளிப்பு மாட்டிவிட்டு, கும்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

விடிந்து பார்த்தால் கொடி காலி.

பதறிப்போய்த் திரும்பினாள். பக்கத்து வீட்டு சல்மா நின்றிருந்தாள். கையில் சால்வை, இஸ்திரி போட்டு மடித்தபடி.

"மேல்வீட்டு மனுசன் மீன் கழுவுன தண்ணியை ஊத்தி வச்சிருக்கான் அக்கா. சுபுஹு தொழுகைக்கு எந்திரிச்சப்பதான் பார்த்தேன். நம்ம ஷர்மினி துணியில மீன் நாத்தமான்னு மனசு கேக்கல. மெஷின்ல போடாம கையாலயே அலசி, ஐயன் பண்ணிட்டேன். அவனுக்கும் நல்லா குடுத்தேன், இனி ஊத்த மாட்டான்."

நவமணி வாங்கி முகர்ந்தாள். சோப்பு வாசம். மறுபடியும், மடிப்பைப் பிரித்து உள்ளே முகர்ந்தாள். சோப்பு வாசம்தான்.

"நாத்தம் போயிடுச்சுல்ல?" சல்மா அவள் முகத்தையே பார்த்தாள். இஸ்திரி சுட்ட விரலை இன்னும் ஊதிக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொன்னால் போன வாசம் திரும்பப் போவதில்லை. இந்தப் பெண்ணுக்குத்தான் ஆயுசுக்கும் உறுத்தும்.

"போயிடுச்சு சல்மா. நல்லா துவைச்சிருக்க."

சொல்லிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, தலைவலியா?"

"ஆமா."

சல்மா சுற்றிலும் பார்த்தாள். கைக்கு எட்டியது அந்தச் சால்வைதான். அதை நீளமாக மடித்து நவமணியின் நெற்றியைச் சுற்றிக் கட்டினாள். சூடு இன்னும் ஆறாத துணி. நவமணியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ரொம்ப வலிக்குதா அக்கா?"

"வலிக்குதும்மா. இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு."