மருந்தடிக்காத வாய்க்கால் ஓரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒருத்தி, "மருந்தடிச்சாலும் களை சாக மாட்டேங்குதுக்கா. திருட்டுப்பட்டம் மட்டும் ஒழுங்கா வந்து சேருது" என்றாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். மீதியை நான் கட்டினேன்.

முதல் தொடக்கம்: பருத்திச் செடிகளின்மேல் காலை வெயில் பொன்னாக...

(வேண்டாம். முதுகில் மருந்து டேங்கைச் சுமப்பவளுக்கு வெயில் பொன்னாகத் தெரியாது.)

இரண்டாம் தொடக்கம்: "தண்ணிய ஊத்திக் கலந்துட்டே."

இது போதும். சொன்னவர், பருத்தி போட்டிருந்த சின்னவர். கேட்டு நின்றவள், கூலிக்குக் களைக்கொல்லி அடிப்பவள்.

2

"உங்க கண்ணு முன்னாலதானேய்யா கலக்குனேன்?"

"பின்ன ஏன் முள்ளுக்கீரை என்னை முறைச்சுக்கிட்டு நிக்குது? போன வருஷம் ஒரே அடியில சுருண்டுச்சே! மீதி மருந்தை எங்க வித்தே?"

"வித்திருந்தா இந்தக் கிழிஞ்ச கையுறையோட நிப்பேனா?"

"வாய் மட்டும் குறைச்சலில்ல. இனிமே இங்க வராதே. யாரும் உன்னைக் கூப்பிடாதபடி சொல்லி வைக்கிறேன்."

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணெதிரே பருத்தி முள்ளுக்குள் மூழ்குகிறது. பயந்தவன் பக்கத்தில் இருப்பவர்மேல்தான் பாய்வான்.)

3

இங்கே கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிலம் சின்னவரின் அண்ணனுடையது. அங்கே முள்ளுக்கீரைக்கு உறவான வேறொரு களை, ஆளுயர நெட்டைக்கீரை. வருஷக்கணக்காக ஒரே மருந்தை அடித்ததில், தாங்கியவை மட்டும் பிழைத்து விதை போட்டன. இப்போது அதற்கு அந்த மருந்தும் மழையும் ஒன்று. இரண்டு நிலத்துக்கும் நடுவே வாய்க்கால். அதன் ஓரத்தில் நெட்டையும் முள்ளும் பக்கத்தில் பக்கத்தில் பூத்தன. மகரந்தத்தைக் காற்று கொண்டுபோனது. பிறந்த கலப்புக்கு முள் ஒரு பக்கத்திலிருந்து வந்தது, சாகாத உடம்பு மறுபக்கத்திலிருந்து. சின்னவரை முறைத்துக்கொண்டு நிற்பது அதுதான்.

ஆக, அவள் தண்ணீர் கலக்கவில்லை! கைதட்டாதீர்கள். வாய்க்கால் ஓரத்தில் மட்டும் களை ஏன் பூக்கும்வரை நின்றது?

அங்கே அவள் மருந்தே அடிக்கவில்லை. அடிக்கச் சொல்லியும் அடிக்கவில்லை. களையெடுக்க வரும் பெண்களுக்கு ஒதுங்க வேறு மறைவில்லை. அந்தப் புதர்தான் அவர்களுக்குக் கதவு, தாழ்ப்பாள், எல்லாம்.

4

சின்னவர் வேளாண் அலுவலரைக் கூட்டிவந்தார், விசாரிக்க அவளையும் வரவழைத்தார். அலுவலர் வாய்க்காலை ஒட்டிய பருத்திக்குள்ளிருந்து ஒரு செடியைப் பிடுங்கித் தண்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இது கலப்பு மாதிரி தெரியுது. பக்கத்துலதான் எங்கயோ சேர்ந்து பூத்திருக்கணும். வாய்க்கா ஓரம் மருந்தடிச்சியாம்மா?"

சின்னவர் அவள் முகத்தையே பார்த்தார். பின்னால் களையெடுக்கக் குனிந்திருந்த பெண்களில் ஒருத்தி, "அக்கா, சொல்லிடாதே" என்று முணுமுணுத்தாள்.

முடிவு அ: "அடிச்சேன்" என்கிறாள். அடித்தும் களை நிற்கிறதென்றால் தண்ணீர்தான் என்று திருட்டுப்பட்டம் நிலைக்கிறது. புதரும் நிலைக்கிறது.

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறாள். தண்ணீர் கலந்தவள் என்ற பேர் போய், நிலத்தைக் கெடுத்தவள் என்ற பேர் வருகிறது. பொழுது சாய்வதற்குள் புதரை மழித்துவிடுகிறார்கள். விதை ஏற்கெனவே நிலத்துக்குள் போய்விட்டதால் பருத்திக்கும் லாபமில்லை.

முடிவு இ: சின்னவர் மனமிரங்கி, "பொம்பளைங்களுக்கு ஒரு மறைப்பு..."

(எத்தனை தடவை எழுதினாலும் அவர் வாய் அதற்குமேல் போகமாட்டேன் என்கிறது.)

பதிலை நீங்களே எழுதுங்கள், கண்ணுகளா. கொஞ்சம் சீக்கிரம். சின்னவரும் அலுவலரும் வாய்க்கால் ஓரத்தைவிட்டு நகரவில்லை. அந்தப் பெண்கள் காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருக்கிறார்கள்.