இடப்பக்கத்து ஸலாம்

என்ர மனுசன் ஸைனுலாப்தீனுக்குப் பாரிசவாதம் வந்த அண்டு காலமைதான் நான் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினனான். பாண் வாங்கக் கியூவில நிண்டு வெறுங்கையோட வந்திட்டார் எண்டு. துறைமுகத்தில லோஞ்ச் படகு ஓட்டுற ஆள், மத்தியானம் சுக்கான் பிடிச்சபடியே சரிஞ்சிட்டார்.

ஆஸ்பத்திரியில கண் முழிச்சதில இருந்து என்ர பக்கம் திரும்பவே இல்லை. கட்டிலுக்கு வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் கதிரையில நான். மனுசன் சுவரையே பாத்துக்கொண்டு கிடக்கார். ஏதும் கேட்டா "ம்" எண்டுவார், அதுவும் சுவருக்குத்தான். கோபம், வேற என்ன! இனி என்ர முகத்திலயே முழிக்கமாட்டாரோ எண்டு பயந்துபோனன். ஆக்கிக் கொண்டுபோற சோத்திலயும் பாதியை அப்பிடியே வைப்பார்.

"என்ர சோறும் கசக்குதாக்கும்" எண்டு பத்மாசனி மிஸ்ஸிட்டச் சொன்னன். வருத்தக்காரருக்குச் சட்டை போடவும் தேத்தண்ணி ஊத்தவும் திரும்பப் பழக்கிறவ அவ. மிஸ் சோத்துக் கோப்பையை மெல்லச் சுத்தித் திருப்பிவிட்டா. மிச்சச் சோறு வலப்பக்கம் வந்தது. மனுசன் அதையும் வழிச்சுத் திண்டார்!

"இதென்ன கூத்து மிஸ்?"

"கண்ணில பழுதில்லை ஜெஸீமா. இடப்பக்கம் எண்டு ஒண்டு இருக்கிறதையே மூளை விட்டிட்டுது. பழக்கினா வரும். அந்தப் பக்கம் தலை திருப்பிற வேலை ஏதும் தினம் செய்யிறவரோ?"

யோசிச்சன். பிறகு துள்ளி எழும்பினன். "அஞ்சு நேரமும் மிஸ்! தொழுகை முடிக்கேக்க வலப்பக்கம் ஸலாம், பிறகு இடப்பக்கம் ஸலாம்."

அண்டைக்குப் பின்னேரம் அவர் கட்டிலில இருந்தபடியே அஸர் தொழேக்க ரெண்டு பேரும் உத்துப் பாத்தம். வலப்பக்கம் திரும்பினார், அதோட சரி. யா அல்லாஹ், இத்தினை நாளும் பாதி ஸலாம்! அவருக்குக் கோபமாக்கும் எண்ட நினைப்பில நான் அதைக் கவனிக்கவே இல்லை.

தொழுகை இல்லாத நேரமாப் பாத்து மிஸ் பழக்கினா. இடத்தோளில தட்டி, "ஐயா, ஸலாம் இன்னும் முடியேல்ல" எண்டுவா. ஒரு கிழமை ஒண்டும் நடக்கேல்ல. எனக்கெண்டா அவரைப் பிடிச்சுத் திருப்பிவிட வேணும்போல கை துருதுருத்தது.

எட்டாம் நாள் அஸருக்கு வலப்பக்கம் ஸலாம் சொல்லி நிறுத்தினார். கழுத்து மெல்ல மெல்ல என்ர பக்கம் வந்தது. ஸலாமைச் சொல்லி முடிச்சவர், என்னைக் கண்டு திடுக்கிட்டுப்போனார்.

"எங்க புள்ள போயிருந்த? சத்தம் மட்டும் கேட்டுது, ஆளைக் காணேல்ல. கோவிச்சுக்கொண்டு என்னை விட்டிட்டுப் போயிட்டாய் எண்டெல்லோ நினைச்சன்."

சோறாக்கப் போற நேரம் போக, மூண்டு கிழமையா அந்தக் கதிரையை விட்டு அசையாதவள் நான். ஏச வாய் எடுத்தன், அழுகைதான் வந்தது.