நாற்பது வார்த்தைக்குள்

மகள் நீர்மூழ்கிக் கப்பலில் ஏறிப் போன ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, அவளுடைய அப்பா பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட்டின் கூரைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முப்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். வேலை நேரத்தில் உட்காருகிற ஆள் இல்லை. கூட வேலை செய்கிறவருக்குப் 'பல்லி' என்று பெயர். சுவரோடு சுவராக ஒட்டி ஏறுவதால் வந்த பெயர்.

"என்னண்ணே, அதுக்குள்ள டீ டைமா?" என்றார் பல்லி.

"நெஞ்சைப் பிடிச்சு யாரோ முறுக்குற மாதிரி இருக்குடா."

பல்லி ஒரு கையால் அவரை அணைத்துக்கொண்டு மறு கையால் பொத்தானை அழுத்தினார். பழுது பார்க்கும்போது லிஃப்ட் ஆமை வேகத்தில்தான் இறங்கும். அந்தப் பன்னிரண்டு மாடியையும் இறங்கி முடிப்பதற்குள் தனக்குப் பத்து வயது கூடிப்போய்விட்டது என்று பிறகு சொன்னார்.

அதே நேரத்தில் மெக்கானிக்கின் மனைவி ஒரு வக்கீல் வீட்டில் சோபாவுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். திரைச்சீலை, மெத்தை உறை, சோபா உறை, இதுதான் அவள் தொழில். போன் வந்ததும் கத்தரிக்கோலைக்கூட அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

மூன்று இரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். சனிக்கிழமை காலை அறுவை சிகிச்சை.

செவ்வாய் போய், புதன் போய், வியாழனும் போனது. அழுகையெல்லாம் ஆஸ்பத்திரிக் குளியலறையோடு சரி. வெள்ளிக்கிழமை மகளுடைய கடற்படை அலுவலகத்தின் குடும்ப நலப் பிரிவுக்குப் போன் போட்டாள்.

நீரடியில் போன கப்பலோடு பேச முடியாது. அங்கிருந்து ஒரு வார்த்தையும் வராது. வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமைதோறும், வீட்டிலிருந்து நாற்பது வார்த்தை அனுப்பலாம். அதையும் அலுவலகத்தில் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். போனை எடுத்த பெண் அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"உங்க பொண்ணு நிரப்பின படிவம் என் முன்னாடிதாம்மா இருக்கு. வீட்ல யாருக்காவது ஏதாவது ஆனா, திரும்பி வந்த பிறகு சொன்னா போதும்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"அவளா போட்டா? சின்னப் பொண்ணுங்க. அவளுக்கு என்ன தெரியும்?"

"இருபத்தாறு வயசும்மா."

"என் பொண்ணு வயசு எனக்குத் தெரியும்."

அதிகாரியின் குரல் இறங்கி வந்தது.

"சொன்னாலும் அவங்களால வர முடியாதும்மா. கப்பல் திரும்பாது. உட்கார்ந்து அழறதுக்குக்கூட அதுக்குள்ள ஒரு மூலை கிடையாது. என் வீட்டுக்காரர் பத்து வருஷம் அதுல இருந்தவர். அதனாலதான் சொல்றேன்."

"அப்ப நான் என்னத்த எழுதறது?"

"எப்பவும் எழுதறத எழுதுங்க. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள வந்துடணும். எல்லாருக்கும் வந்து அவங்களுக்கு மட்டும் வரலைன்னா, அதுவே ஒரு சேதியாயிடும்."

மகள்மேல் அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெற்றவர்களுக்கு ஏதாவது ஆகலாம் என்று முன்கூட்டியே யோசித்து, அதற்கு ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சாயங்காலம் கட்டிலருகே உட்கார்ந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் சிரித்தார்.

"கெட்டிக்காரி. நானா இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்."

"அப்பனும் பொண்ணும் ஒரே அச்சு."

"இந்தா, ஒண்ணு மட்டும். பொய் எழுதிடாத. அவ வந்து கேட்டா பதில் சொல்ல நமக்கு முகம் இருக்கணும்."

சனிக்கிழமை எட்டு மணிக்கு அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நடைபாதை பெஞ்சில் அவளும் பல்லியும் உட்கார்ந்தார்கள். பல்லி லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. அவள் கையில் போன்.

'எல்லோரும் நலம்' என்று தொடங்கினாள். அழித்தாள். 'அப்பா உன்னைக் கேட்டதாக' என்று எழுதி, அதையும் அழித்தாள். வானிலை பற்றி எழுதலாம் என்று நினைத்தால், ஐந்து நாளாக வெளியே வெயிலா மழையா என்றே பார்த்திருக்கவில்லை.

"பதினொண்ணு இருபது ஆச்சு அண்ணி" என்றார் பல்லி.

"எனக்குத் தெரியாதா? கடிகாரம் எனக்கு எதிர்லதான இருக்கு?"

கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய நெஞ்சைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்து எதை எழுதினாலும் அது பொய்யாகத்தான் போகும் என்று தோன்றியது. நடந்ததை, நடந்ததை மட்டும் எழுத வேண்டும். கடைசியாக அவளுக்கு நடந்த நல்லது எது? யோசித்தாள். செவ்வாய்க்கிழமை போன் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் வக்கீல் வீட்டில் நடந்த கூத்து நினைவுக்கு வந்தது. அதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

நிறுத்தாமல் அடித்தாள்.

'கண்ணு, வக்கீல் வீட்டுக்கு சோபா உறை மாட்டினேன். ஜிப்பை இழுத்து மூடினதும் சோபா தானா நகர்ந்தது. வக்கீலம்மா பேய்னு கத்தி மேஜைமேல ஏறிட்டாங்க. உள்ள அவங்க பூனை. நான் சிரிக்கக் கூடாதுன்னு உதட்டைக் கடிச்சேன். பூனை வெளிய வந்து என்னைத்தான் முறைச்சது. வக்கீல், பூனை சார்பா கேஸ் போடலாம்னு சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு. உன் அம்மா.'

போனைப் பல்லியிடம் நீட்டினாள். "எண்ணிச் சொல்லுங்க."

பல்லி விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பூனை வந்த இடத்தில் புர்ரென்று சிரிப்பு வெடித்துக் கணக்கு தப்பியது. நர்ஸ் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். இந்தத் தடவை முடிக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

"சரியா நாப்பது" என்றார்.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள்.

ஒன்றரை மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "முடிஞ்சதும்மா" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். "முடிஞ்சதுன்னா?"

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் டாக்டருக்கு உறைத்தது. "ஐயோ, ஆபரேஷன் முடிஞ்சதும்மா. அவர் நல்லா இருக்கார். நாளைக்குப் பேசலாம்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பல்லி ஓடிப்போய்த் தண்ணீர் வாங்கி வந்து, பதற்றத்தில் பாதியைத் தானே குடித்துவிட்டு மீதியை அவளிடம் கொடுத்தார்.

மூன்றாம் நாள், அவர் தலையணையில் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறியதும், செய்தியைப் படித்துக் காட்டினாள். அவர் இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"சிரிக்க வைக்காதடி, தையல் பிரிஞ்சிடும். உன் தையலா இருந்தா பயமில்ல. இது டாக்டர் தையல்."

அதற்குப் பிறகு ஐந்து சனிக்கிழமை. அப்பா லீவில் இருக்கிறார், தினமும் சாயங்காலம் தெருமுனை வரை நடக்கிறார், பல்லி மாமா வந்து சீட்டாட்டத்தில் தோற்றுப் போகிறார் என்று எழுதினாள். ஒன்றுகூடப் பொய்யில்லை. அலுவலகத்துப் பெண் அதிகாரி ஒரு நாள் தானாகவே கூப்பிட்டார். "நடக்கிறார்னு படிச்சேன். ரொம்ப சந்தோஷம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கப்பல் திரும்பிய காலை, துறைமுக வாசலில் குடும்பங்கள் கூடி நின்றன. கரையை நெருங்குவதற்கு முன்பே, அலுவலகத்திலிருந்து தனக்கு வந்த தகவலை வைத்து, கப்பல் தலைவர் மகளைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். பதினோரு வாரம் வெயில் படாத முகத்தோடு, தோளில் பையோடு அவள் வந்தாள். நேராக அப்பாவிடம் போய் ஒரு அடி தள்ளி நின்றாள். அவர் சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"தொடலாமாப்பா?"

"தொடலாம். தூக்காத."

அவள் அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

"அந்தப் பூனைக் கதை எந்த சனிக்கிழமைம்மா அனுப்பின?"

"ஆபரேஷன் அன்னிக்கு."

"எத்தனை மணிக்கு?"

"அவர் உள்ள இருந்தப்போ."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "சாப்பாட்டு அறைச் சுவர்ல ஒட்டி வச்சிருந்தோம்மா. தலைவர் வரைக்கும் வந்து படிச்சார். ஒருத்தர் பூனைக்கு வக்கீலா நின்னார், இன்னொருத்தர் சோபாவுக்கு. ஒரு வாரம் எல்லாரும் அதச் சொல்லிச் சொல்லி சிரிச்சோம். நீ அந்த நேரத்துல..."

"நான் பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். வேற என்ன பண்றது?"

"அந்தக் கையெழுத்துக்கு எம்மேல கோவமா?"

"ஏகப்பட்ட கோவம். இப்பவும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. வீட்டுக்கு வா, திட்டிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை.

வீட்டில் மூவரும் சாப்பிட்டு முடித்தார்கள். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்க்கலாம் என்று படுத்த அம்மா கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. இப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை வாரம் ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. சமையலறையில் அப்பாவும் மகளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சொன்ன உப்பு எவ்வளவு, அப்பா போட்டுக்கொண்டது எவ்வளவு என்று வழக்கு.

"ஒரு சிட்டிகைதான் பாப்பா."

"யார் விரல்ல ஒரு சிட்டிகை? உங்க விரலப் பாருங்கப்பா, ஸ்பானர் மாதிரி."

எழுந்து போய்த் தீர்த்து வைக்கலாமா என்று நினைத்தாள். பிறகு, அவர்கள் பாடு என்று அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.